‘உன்னைப் படிக்கவைத்து என்ன கண்டோம்?’

வாசகர் கேள்வி

வணக்கம். எனக்கு வயது 37. பட்டர்வொர்த்தில் மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். என் அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் பல்கலைக்கழகம் போன வருடம் தம் கழுத்துச் சங்கிலியை அடகுக்கடையில் வைத்தார். அது திரும்பி வரவே இல்லை. உணவு அறிவியலில் பட்டம் வாங்கி, பிறையில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆறு வருடம் வேலை செய்தேன். இரண்டாவது மகனுக்கு மூச்சிரைப்பு இருந்ததால் வேலையை விட்டேன். ஏழு வருடம் ஓடிவிட்டது. இப்போது அவன் நன்றாக இருக்கிறான், பள்ளிக்குப் போகிறான்.

பெரிதாக நான் எதுவும் செய்வதில்லை. பக்கத்து வீடுகளுக்கு வரும் மலாய்க் கடிதங்களைப் படித்துச் சொல்வேன், பாரங்களைப் பூர்த்தி செய்து கொடுப்பேன். மின்தூக்கி பழுதானால் நிர்வாகத்துக்கு நான்தான் எழுதுவேன். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் செயலாளர். அவ்வளவுதான்.

சுங்கை பட்டாணியில் இருக்கும் என் அண்ணனின் மகளுக்குப் போன வாரம் பெர்லிஸ் மெட்ரிகுலேஷன் கல்லூரியில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) இடம் கிடைத்தது. அண்ணன் அனுப்பத் தயங்குகிறார். ஏன் என்று கேட்டேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், “உன்னைப் படிக்கவைத்து என்ன கண்டோம்? அடுப்படியில்தானே நிற்கிறாய்” என்றார். எனக்கு வாய் எழவில்லை. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. என் படிப்பு வீணா? அம்மாவின் சங்கிலி வீணா? அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஒரு சகோதரி, பட்டர்வொர்த்

ஆலோசகர் பதில்

அன்புச் சகோதரி,

முதலில் உங்கள் அண்ணன் மகளின் காரியத்தைப் பார்ப்போம். உங்கள் மனக்கலக்கம் இன்னும் ஒரு வாரம் பொறுக்கும். மெட்ரிகுலேஷன் இடம் பொறுக்காது. இடத்தை ஏற்றுக்கொள்வதாக இணையத்தில் பதில் தரக் கடைசித் தேதி ஒன்று இருக்கும். அது என்றைக்கு என்று அந்தப் பெண்ணிடம் இன்றே கேளுங்கள். “அண்ணா, இடத்தை இப்போதைக்கு உறுதி செய்து வைப்போம், போவதா வேண்டாமா என்பதைப் பிறகு உட்கார்ந்து பேசுவோம்” என்று அண்ணனுக்குத் தெரியச் சொல்லிவிட்டே செய்யுங்கள். மறைத்துச் செய்ய வேண்டாம். அந்தப் பெண் தலைநிமிர்ந்து வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

அடுத்து, அண்ணனுக்கு உண்மையில் எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். இத்தனை வருட அனுபவத்தில் சொல்கிறேன், தகப்பன்மார் வாயில் வருவது ஒரு காரணம், மனத்தில் கிடப்பது வேறொரு காரணம். பணம் என்றால், மெட்ரிகுலேஷனுக்கு ஆகும் செலவு தனியார் கல்லூரிக் கட்டணத்தின் பக்கத்தில்கூட வராது. தங்குமிடம் கல்லூரியிலேயே உண்டு. பிறகு அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் இருக்கிறது. தூரம் என்றால், கல்லூரி இருப்பது ஆராவில். சுங்கை பட்டாணியில் கொமுட்டர் ரயில் ஏறினால் வண்டி மாறாமல் ஆராவில் இறங்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் அண்ணியையும் அந்த ரயிலில் அழைத்துப்போய்க் கல்லூரி வாசலைக் காட்டிவிட்டு வாருங்கள். தெரியாத ஊர் என்கிற பயத்துக்குப் பேச்சு மருந்தாகாது, பார்த்துவிட்டு வந்தால் பாதி குறையும்.

இனி உங்கள் விஷயம்.

“பெரிதாக நான் எதுவும் செய்வதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியிலேயே கடிதம் படிப்பது, பாரம் நிரப்புவது, மின்தூக்கிக்கு எழுதுவது, பள்ளிச் சங்கத்தை நடத்துவது என்று ஒரு சிற்றூராட்சி செய்யும் வேலைகளை அடுக்கியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வரிகளும் ஒரே கையெழுத்தில் இருப்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

நான் ஆலோசகராகப் பதிவு பெறுவதற்கு முன் 29 வருடம் அரசாங்கத் தாதியாக இருந்தவள். 1980களின் நடுவில் கெடாவின் தென்கோடியில் ஒரு சிறிய கிளினிக்கில் வேலை. ஒரே வாரத்தில் இரண்டு தாய்மார்கள் வயிற்றுப்போக்கு கண்ட கைக்குழந்தைகளோடு வந்தார்கள். இருவரும் ஒரே தோட்டம், ஒரே லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை), ஒரே தண்ணீர்த் தொட்டி. ஒருத்தி மூன்றாம் படிவம் (ஒன்பதாம் வகுப்பு) வரை படித்தவள். முதல் நாளே வந்துவிட்டாள். குழந்தைக்கு எத்தனை முறை போனது, எத்தனை மணிக்குப் போனது என்று நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதியே கொண்டுவந்திருந்தாள். மற்றவள் நான்காம் வகுப்போடு நின்றவள். மந்திரித்துக் கயிறு கட்டி, மாமியார் சரி என்று சொன்ன பிறகு, மூன்றாம் நாள் வந்தாள். அதற்குள் குழந்தையின் கண் குழிவிழுந்து, தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றது. மாவட்ட மருத்துவமனையில் நான்கு நாள் கிடந்து பிழைத்தது. பாசத்தில் இரண்டு பேருக்கும் ஒரு குன்றிமணி வித்தியாசம் கிடையாது. இரண்டாமவள் என்னிடம் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் காதில் இருக்கிறது: “அவள் மட்டும் எப்படி அம்மா, யாரையும் கேட்காமல் வந்தாள்?”

நான் பார்த்தது ஒரு தோட்டத்தில். இதையே உலக அளவில் ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஜான் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகை ஆய்வாளர் நைஜீரியாவின் இபாடான் நகரத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் ஆய்வு செய்து, 1979இல் தம் முடிவை வெளியிட்டார். தகப்பனின் வேலை, குடியிருக்கும் இடம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துப் பார்த்த பிறகும், தாயின் படிப்புதான் குழந்தை பிழைப்பதோடு வலுவாக ஒட்டியிருந்தது. படித்த தாய்க்கு மருந்தைப் பற்றி அதிகம் தெரியும் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. படிப்பு வீட்டுக்குள் அதிகாரத்தை இடம் மாற்றுகிறது, அவள் தானே முடிவெடுக்கிறாள், மருத்துவரிடம் போனால் அவள் பேச்சுக்குக் காது கொடுக்கிறார்கள் என்றார். அந்தத் தோட்டத்துப் பெண்ணின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இது. பிறகு 2010இல் லான்செட் மருத்துவ இதழில் 175 நாடுகளின் கணக்கு வந்தது. 1970க்கும் 2009க்கும் இடையில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மரணம் 82 லட்சம் குறைந்திருந்தது. அதில் 42 லட்சத்துக்குக் காரணம் பெண்களின் படிப்பு கூடியதுதான் என்று மதிப்பிட்டார்கள். சரி பாதிக்கு மேல்! எத்தனை தடுப்பூசி, எத்தனை மருத்துவமனை, எத்தனை சாலை, அத்தனைக்கும் சேர்த்து மறுபாதி.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கணக்கில் வரும் தாய்மார்கள் எத்தனையோ பேர் சம்பள வேலைக்கே போகாதவர்கள். உங்கள் அண்ணன் பாஷையில், அடுப்படியில் நின்றவர்கள்.

வங்காளதேசத்தில் நடந்ததைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. ஒரு தாதியின் மனத்துக்கு அதைவிட நிறைவான கதை இல்லை. 1980இலிருந்து பத்து வருடம், பிராக் என்ற தொண்டு நிறுவனம் கிராமம் கிராமமாகப் பெண்களை அனுப்பியது. அவர்கள் மருத்துவர்களும் அல்ல, தாதிகளும் அல்ல. ஓரளவு பள்ளிப் படிப்பு உள்ள கிராமத்துப் பெண்கள். வயிற்றுப்போக்கில் குழந்தையின் உடம்பு இழக்கும் நீரை ஈடுகட்ட, வீட்டு வாசலில் உட்கார்ந்து, மூன்று விரல் நுனியில் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) தண்ணீர் என்று கலக்கிக் காட்டி, தாய்மார்களையும் கலக்கச் சொல்லிப் பார்த்தார்கள். எத்தனை வீட்டுக்குப் போனாள் என்பதை வைத்து அவர்களுக்குச் சம்பளம் போடவில்லை. சொல்லிக்கொடுத்ததைத் தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பிறகு வேறோர் ஆள் போய்ச் சோதித்து, அதன்படி கொடுத்தார்கள். ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் வீடுகள்! பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத எத்தனையோ தாய்மார்களின் கையில் அந்த வைத்தியம் போய்ச் சேர்ந்தது. அதைக் கொண்டுசேர்த்தவை கொஞ்சம் படித்த கைகள். அதே நாடு 1994இல் கிராமப்புறப் பெண் பிள்ளைகளுக்கு இடைநிலைப்பள்ளி உதவித்தொகையை நாடு முழுவதும் கொண்டுவந்தபோது விதித்த நிபந்தனைகளில் ஒன்று, பள்ளிப் படிப்பு முடியும்வரை கல்யாணம் கூடாது என்பது. இன்று அங்கே இடைநிலைப்பள்ளிகளில் பையன்களைவிடப் பெண் பிள்ளைகள் அதிகம்.

நம் நாட்டுக்கு வருவோம். ராசம்மா பூபாலன் பெயரை உங்கள் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறார்களோ இல்லையோ, நீங்கள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1927இல் பிறந்தவர், பதின்ம வயதில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர், பிறகு ஆசிரியர். ஒரே தகுதி, ஒரே வகுப்பறை, ஒரே பாடநூல் என்று இருந்தும் ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்த காலம் அது. 1960இல் ஆசிரியைகளுக்கென்று ஒரு தொழிற்சங்கத்தை அமைத்து அதன் தலைவராக இருந்து போராடினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பொதுச்சேவையில் சமச்சம்பளக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. நான் தாதியாகச் சேர்ந்தபோது ஆண் ஊழியருக்குக் கிடைத்த சம்பள விகிதமே எனக்கும் கிடைத்தது. எனக்கு அது இயல்பாகத் தெரிந்தது. யாரோ சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தது என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. இப்போதும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்கள் மின்தூக்கிக் கடிதத்தையும் இந்த வரிசையில்தான் வைக்கிறேன். பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் 2011இல் தொடங்கியது. அடுத்த வருடமே நகராட்சிகளோடு சேர்ந்து, ஜாலான் சுங்கையிலும் அம்பாங்கானிலும் இருக்கும் மக்கள் வீடமைப்பு அடுக்குமாடிகளில் வீடு வீடாகப் போய், நகராட்சிப் பணத்தை உங்கள் குடியிருப்பில் எதற்குச் செலவழிக்கலாம் என்று குடியிருப்பவர்களையே கேட்டார்கள். ஆண்களை, பெண்களை, இளையோரை, முதியோரைத் தனித்தனியாகக் கேட்டார்கள். பத்தாவது மாடியிலிருந்து சக்கர நாற்காலியில் மாமியாரைக் கீழே கொண்டுவர வேண்டியவளுக்குத்தான் மின்தூக்கியின் அருமை தெரியும். அவளுடைய கஷ்டத்தை அலுவலகத்துக்குப் புரியும் மொழியில் எழுத ஒருவர் வேண்டும். உங்கள் மாடியில் அந்த ஒருவர் நீங்கள். ஏழு வருடமாக.

ஆகவே படிப்பு வீணா என்று கேட்டால், இல்லவே இல்லை.

ஆனால் சகோதரி, இதோடு கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். இவ்வளவு நேரம் நான் சொன்னதைத் தூக்கிக்கொண்டு, “பார்த்தாயா, வீட்டில் இருந்தாலும் படிப்பு பயன்படுகிறது, பேசாமல் இரு” என்று யாரும் உங்களிடம் சொல்லிவிடக் கூடாது. அது எனக்குச் சம்மதமில்லை. நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பையன்களைவிடப் பெண்கள் அதிகம் படிக்கிறார்கள். 2023 கணக்குப்படி, உழைக்கும் வயதில் இருக்கும் மலேசியப் பெண்களில் 100க்கு 56 பேர்தான் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். ஆண்களில் 80க்கும் மேல். இடையில் காணாமல் போன பெண்கள் எங்கே? உங்களைப் போல, குழந்தைக்கு உடம்பு சரியில்லை, முதியவர்களைப் பார்க்க ஆளில்லை என்று ‘கொஞ்ச நாளைக்கு’ வேலையை விட்டவர்கள். அந்தக் கொஞ்ச நாள் ஏழு வருடமாகிறது. மகன் குணமான பிறகு, நீங்கள் திரும்பப் போவதைப் பற்றி வீட்டில் யாராவது கேட்டார்களா? நீங்களாவது கேட்டுக்கொண்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

யாரையும் கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தத் தோட்டத்துப் பெண்ணைப் பற்றி நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவள் பால்மரம் வெட்டுகிறவள். பஸ்ஸுக்கான சில்லறை அவள் முந்தானையிலேயே இருந்தது. படிப்பு தரும் துணிவுக்குக் கையில் சொந்தக் காசு ஊன்றுகோல். ஊன்றுகோல் இல்லாவிட்டால் துணிவும் நாளாக ஆக நொண்டுகிறது. நான்கு பேர் முன்னால் அண்ணன் கேட்டபோது உங்களுக்கு வாய் எழாமல் போனதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல.

என்ன செய்யலாம்? உங்கள் படிப்புக்கு உங்கள் வீட்டைச் சுற்றியே வேலை கிடக்கிறது. முறுக்கு, மசாலைத்தூள், ஊறுகாய் என்று வீட்டில் செய்து விற்கும் நம் பெண்கள் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகளின்படி உணவு கையாள்வோர் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பொருளைப் பெரிய கடைகளுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் உணவுப் பாதுகாப்புக்குச் சுகாதார அமைச்சு தரும் மெஸ்தி சான்றிதழைக் கேட்பார்கள். அதற்குச் செய்முறை ஆவணம், சுத்தம் செய்யும் பதிவேடு, மூலப்பொருள் பதிவேடு என்று எல்லாம் எழுத்தில் வேண்டும். கைப்பக்குவத்தில் கெட்டிக்காரிகள் பலர் இந்தக் காகிதங்களைப் பார்த்துத்தான் பின்வாங்குகிறார்கள். நீங்கள் ஆறு வருடம் தொழிற்சாலையில் செய்தது இதே வேலை. முதலில் தெரிந்த ஒருவருக்குச் செய்து கொடுங்கள். இரண்டாவது ஆளிடம் கூலி வாங்குங்கள். தயவுசெய்து வாங்குங்கள். உதவி என்ற பெயரில் நம் பெண்களின் தொழிலறிவு இலவசமாகவே போய்க்கொண்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

தொழிற்சாலைக்கே திரும்ப விருப்பம் என்றால் அதற்கும் வழி உண்டு. 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று பொருளல்ல. கேட்பதற்கு ஒரு சட்டப்படியான கதவு இருக்கிறது. குறைந்தது இரண்டு வருடம் விலகியிருந்து வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு வருமான வரிவிலக்குத் திட்டமும் இருக்கிறது. நேர்முகத் தேர்வில் “ஏழு வருடம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்பார்கள். பள்ளிச் சங்கத்தின் கணக்கு, கூட்டக் குறிப்பு, நிர்வாகத்துக்கு எழுதிய கடிதங்கள், இவற்றின் நகல்களைக் கோப்பில் போட்டுக் கொண்டு போங்கள்.

எந்த வழியானாலும், இந்த மாதமே செய்யக்கூடியவை இரண்டு. ஊழியர் சேமநிதியில் உங்கள் பழைய கணக்கு உயிரோடுதான் இருக்கிறது. சம்பளம் இல்லாவிட்டாலும் சுய விருப்பத்தில் அதில் பணம் செலுத்தலாம். மாதம் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) ஆனாலும் உங்கள் பெயரில் போகட்டும். இல்லத்தரசிகளுக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) காப்புறுதித் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. 55 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சேரலாம், ஆண்டுக்கு 120 வெள்ளி. அடுப்படியில் வழுக்கி விழுந்தாலும் அது விபத்துதான் என்று இந்த நாட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அடுப்படி வேலையும் வேலை என்று அண்ணனுக்கும் சொல்லலாம்.

கணவரைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. நல்லவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். நல்லவர்களிடமும் வாய் திறந்துதான் கேட்க வேண்டும். “நான் வேலைக்குப் போகட்டுமா?” என்று கேட்காதீர்கள். “நான் வேலைக்குப் போகப்போகிறேன், காலையில் பிள்ளைகளை யார் பள்ளியில் விடுவது என்று பேசலாம்” என்று தொடங்குங்கள். இரண்டு வாக்கியத்துக்கும் உள்ள தூரம் உங்களுக்குப் புரியும்.

அண்ணனிடம் பேசப் போகும்போது கால்டுவெல்லையும் வங்காளதேசத்தையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அவை உங்களுக்காகச் சொன்னவை. அவர் மகளின் நேரத்தில் உங்கள் வாழ்க்கைக்கு வழக்கு நடத்தவும் வேண்டாம். “என்னை வைத்து அவளை அளக்காதே அண்ணா” என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, ரயில், தங்குமிடம், செலவு என்று பேச்சை எடுங்கள். கட்டாயம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மரத்துக்கு மரம் நடந்து கூலி வாங்கிய அந்த அம்மா எத்தனை வகுப்பு படித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தச் சங்கிலியை யாரைக் கேட்டு அடகு வைத்தார் என்றும் எழுதவில்லை. யாரையும் கேட்டிருக்கமாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. சங்கிலி வீணா என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லும் உரிமை அதைக் கழற்றியவருக்கே உண்டு. அண்ணனும் அவர் மகளும் பக்கத்தில் இருக்கும்போது, அம்மாவிடமே கேளுங்கள்.